சுண்ணாம்புத் தட்டு

2024 ஆகஸ்டு 19, திங்கட்கிழமை. காரிமங்கலத்துக்கும் கம்பைநல்லூருக்கும் இடையில், தார்ச்சாலையை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இன்னாசிகொட்டாயில், சவரியின் கொட்டகையில் வளர்ந்த நாற்பதாயிரம் பட்டுப்புழுக்களும் பால் நோயில் செத்தன.

மல்பெரித் தோட்டத்து மூலையில் இடுப்பளவு குழி வெட்டினார்கள். சவரி கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார். அவர் மனைவி லூர்துமேரி ஒவ்வொரு கூடைக்கும் மேலே சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டாள். ஊதி வெளுத்த புழுக்கள், தொட்டால் தோல் கிழிந்து பால் போல வடிந்தன. மகள் ஜெனிஷா ஏழாவது கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, சவரி அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நீ இனிமே புழு வூட்டுக்குள்ள கால் வெக்காத."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மறுநாளே ஆறிப்போயிருக்கும் என்று லூர்துமேரிக்குத் தெரியும். சவரி மெதுவாகப் பேசுகிற நாளில் சொன்ன சொல்தான் வருஷக்கணக்கில் நிற்கும். ஜெனிஷாவுக்குப் பத்தொன்பது வயது. ஏழு வயதிலிருந்து அந்தக் கொட்டகையில் தழை போட்டவள்.

நடந்தது இதுதான். ஜெனிஷா காரிமங்கலத்தில் மகளிர் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம். அவள் வகுப்பில் பாதிப் பேர் கல்லூரியில் சேர்ந்த பிறகு சொந்தமாகப் போன் வாங்கியவர்கள். முதல் வருஷத்தில் மின்னஞ்சல் அனுப்பத் தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு நின்றவர்கள், இரண்டாம் வருஷத்தில் ரீல் வெட்டி ஒட்டக் கற்றிருந்தார்கள். ஒருத்தி தன் அம்மா தக்காளி தரம் பிரிப்பதைப் போட்டாள். ஒருத்தி காரிமங்கலம் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசும்போது துண்டுக்கடியில் விரல் பிடிப்பதைப் போட்டாள். ஜெனிஷா தழை தின்கிற புழுக்களுக்குப் பக்கத்தில் போனை வைத்து, நாற்பது விநாடி சத்தத்தை மட்டும் எடுத்தாள். பாட்டு இல்லை, முகம் இல்லை. ஓடு மேல் மழை விழுகிற சத்தம் அது. "இங்கே மழை பெய்யவில்லை" என்று எழுதி, கீழே ஊர்ப் பெயரையும் போட்டாள். ஒரு வாரத்தில் நான்கு லட்சம் பேர் கேட்டார்கள்.

ஊர்ப் பெயர் இருந்ததால் ஆட்கள் வந்தார்கள். ஆகஸ்டு பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, சவரியும் லூர்துமேரியும் கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பதாவதாக வந்தவன் பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பூவரசன். அவனும் புழு வளர்ப்பவன். சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி வைத்திருந்தான். அதில் இரண்டு புழு.

"தங்கச்சி, நீதான அந்த வீடியோ போட்டது? எங்க வூட்டுப் புழு ரெண்டு நாளா இப்படி ஊதிப்போவுதும்மா. என்னா ஏதுன்னு பாத்துச் சொல்லு."

தன்னை ஒருவர் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் ஜெனிஷா அவனை உள்ளே கூட்டிப்போனாள். தீப்பெட்டியைத் திறந்து, அந்தப் புழுவை உள்ளங்கையில் போட்டு, தன் புழுவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

புழு வளர்க்கிற வீடுகளில் கொட்டகை வாசலில் ஒரு தகரத் தட்டு இருக்கும். அதில் சாக்கு விரித்து, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்த தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். யார் போனாலும் இரண்டு பாதத்தையும் அதில் வைத்து எடுத்து, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கொட்டகைக்குச் சொந்தக்காரனுக்கும் அதேதான். அன்றைக்கு அந்தத் தட்டு காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்ததில், ஜெனிஷா அதில் தண்ணீர் ஊற்றவில்லை.

குழி மூடிய நாளுக்குப் பிறகு ஜெனிஷா தோட்டத்தில் தழை அறுப்பதோடு சரி. கட்டுக் கட்டித் தலையில் சுமந்து வந்து கொட்டகை வாசலுக்கு மூன்றடி முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். போனில் அந்த ரீலை அழித்துவிட்டாள். கொட்டகையைக் கழுவி, மருந்தடித்து, ஒரு மாதம் சும்மா பூட்டிப் போட்டிருந்தபோதுகூட அவள் கதவுப் பக்கம் போகவில்லை. சாப்பிடும்போது அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். பஸ் நேரம், மோட்டார் கரண்டு, மாட்டுக்குத் தவிடு என்று எல்லாம் பேசினார்கள். புழு என்ற சொல் மட்டும் அவர்கள் இருவருக்கும் நடுவில் வரவில்லை. லூர்துமேரி களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்துமேரி பூசை முடிந்து வந்தபோது, ஜெனிஷாவோடு கூடப் படிக்கும் ஸ்டெஃபியும் சுசித்ராவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஸ்டெஃபி கம்பைநல்லூர்க்காரி, அளந்து பேசுவாள். சுசித்ரா பாலக்கோட்டுப் பக்கம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், இரண்டிலும் வாய் ஓயாது. வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, சுசித்ராவின் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, உங்க புழுக் கொட்டாய நாங்க கட்டப் போறோம்" என்றாள் சுசித்ரா.

"கட்டித்தானம்மா இருக்குது. போன வருசந்தான் ஷீட்டு மாத்துனோம்."

"அது இல்லைங்க ஆன்ட்டி. இதுக்குள்ள." லேப்டாப்பைத் தட்டிக் காட்டினாள்.

"அதுக்குள்ள கட்டி யாரு புழு வளக்கறது? நீயா?"

"ஐயோ, எனக்குப் புழுன்னாலே கூசும். ஜெனிஷாதான் வளப்பா."

ஸ்டெஃபி நிதானமாக விளக்கினாள். கல்லூரிக்கு இரண்டு கண்ணாடி வந்திருக்கிறது. அதைக் கண்ணில் மாட்டினால் வேறொரு இடத்தில் நிற்பது போலவே இருக்கும். திரும்பினால் அந்த இடமும் திரும்பும், நடந்தால் பக்கத்தில் வரும். நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி கண்காட்சி. ஒவ்வொரு குழுவும் ஒரு உலகம் செய்து காட்ட வேண்டும்.

"மத்தவங்கல்லாம் என்ன செய்யறாங்க?"

"ஒரு குரூப்பு நிலாவுக்குப் போகுதுங்க. இன்னொரு குரூப்பு பாரீஸு."

"அட, அங்கெல்லாம் உட்டுட்டு நம்ம புழு வூடா?"

அதுவரை பேசாமல் இருந்த ஜெனிஷா தலையைத் தூக்காமல் சொன்னாள். "வெளியாளு உள்ள வரக் கூடாதுன்னா, வெளியாளுக்குன்னு தனியா ஒரு கொட்டாய் வேணும்மா. அங்க யாரு வந்தாலும், எத்தன பேரு வந்தாலும் புழுவுக்கு ஒண்ணும் ஆவாது."

லூர்துமேரி எழுந்தாள். உள்ளே போய்க் கொள்ளுக் கடைசலில் இன்னும் இரண்டு கை தண்ணீர் ஊற்றி, இரண்டு பேருக்குக் கூடுதலாகக் களி கிண்டினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் செய்த வேலையை அவள் நாள்தோறும் பார்த்தாள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஆசிரியைக்கே அந்தக் கண்ணாடி புதிது. "நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் வேகமாகப் பேசுகிற வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இன்னாசிகொட்டாயில் சிக்னல் மேல்நிலைத் தொட்டிப் படிக்கட்டில்தான் முழுசாகக் கிடைக்கும். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஜெனிஷா அந்தப் படியில் உட்கார்ந்து இறக்கிக்கொள்வாள். லேப்டாப் சூடாகி நின்றுவிடும். சுசித்ரா அதற்கடியில் ஈரத்துணி போட்ட எவர்சில்வர் தட்டை வைப்பாள். ஒரு புழு தலையைத் தூக்கி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆட்ட அவளுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. புழுவென்றால் கூசுகிறவள், பன்னிரண்டாம் நாள் போனில் அதைக் காட்டி, "ஆன்ட்டி, எம் புள்ள எப்படி இருக்கறான்?" என்றாள்.

"கழுத்த இவ்ளோ ஆட்டாதும்மா. தலைய மேல தூக்கிக்கிட்டு அசையாம நின்னா அது தோலுரிக்கப் போவுதுன்னு அர்த்தம். திங்கறப்ப எல ஓரமாவே மேல இருந்து கீழ வரும்."

"சாகடிச்சிட்டீங்க. மறுபடியும் பதினோரு நாளு." ஆனால் அன்று மாலையே உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் ஏற்றிய புழு கூடு கட்டி முடிந்து, அக்டோபர் மூன்றாம் வாரம் புது இளம்புழு வந்தது. கொட்டகையில் அடுக்கு அடுக்காகப் புழு ஏறியது. இப்போதுதான் சிக்கல். கண்ணாடிக்குள் கொட்டகை நிஜம் போல் வர வேண்டுமானால் நிஜக் கொட்டகையை நானூறு படமாவது எடுக்க வேண்டும். புழு கடைசிப் பருவத்தில் தின்கிற ஏழு நாளுக்குள் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அது சந்திரிகைத் தட்டில் ஏறிக் கூடு கட்டிவிடும். அடுத்த புழு கண்காட்சிக்கு முன் வராது. ஜெனிஷா உள்ளே போக முடியாது. அப்பாவிடம் கேட்கவும் மாட்டாள்.

"நான் எடுக்கறேன்" என்றாள் லூர்துமேரி.

"உனக்கு போன் பண்ணவே தெரியாதேம்மா."

"எடுக்கத் தெரிஞ்சா போதுமா, பேசவும் தெரியணுமா?"

ஜெனிஷா மாட்டுக்கொட்டிலில் வைத்துப் பழக்கினாள். ஒரே இடத்தை முட்டி உயரத்தில் ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, தலை உயரத்தில் ஒரு சுற்று. ஒரு படத்தில் பாதி அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். "தழ அறுக்கற மாதிரிம்மா. ஒரு செடி முடியறதுக்குள்ள அடுத்த செடிமேல கை இருக்கணும்." முதல் தடவை எடுத்த அறுபது படத்திலும் லூர்துமேரியின் நிழலும் கட்டைவிரலும் இருந்தன. லேப்டாப்பில் போட்டபோது அடுக்குகள் உருகின மெழுகுவத்தி மாதிரி வழிந்து கிடந்தன. மூன்று பெண்களும் சிரித்துவிட்டுத் தப்பை எடுத்துச் சொன்னார்கள். லூர்துமேரிக்கும் சிரிப்பு வந்தது. விட மனசில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சவரியும் ஜெனிஷாவும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். புழு கடைசிப் பருவத்தில் மூன்றாம் நாள். வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். கல்லறைக்குப் போய்வந்தவர்கள் குளிக்காமல் கொட்டகைக்குள் வரக்கூடாது என்பதால் லூர்துமேரி போகவில்லை. விடியற்காலையில் மழை பெய்திருந்தது. ஈரத்தழை போட்டால் புழுவுக்குக் கழியும். அறுத்த தழையை வராந்தாவில் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஈரம் வடிந்த பிறகு கட்டுக் கட்டாக எடுத்து அடுக்கில் பரப்பினாள். புழுக்கள் மேலேறின. மழை விட்ட பிறகும் கொட்டகைக்குள் மழைச் சத்தம் கேட்டது. போனை மருந்துத் துணியால் துடைத்து, தட்டில் கால் நனைத்து, முட்டி உயரத்தில் ஆரம்பித்தாள்.

இருநூற்றுச் சில்லறை படம் எடுத்திருப்பாள். வலைக் கதவுக்கு வெளியே செருமல் கேட்டது.

"என்னா பண்ற?" சவரி நின்றிருந்தார். வேட்டியில் மெழுகு சொட்டியிருந்தது.

"படம் புடிக்கறேன்."

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான். வேற யாருக்கு?"

"அந்தப் போனால வந்த கேடு போதாதா உனக்கு? ஆவணி மாசம் குழி வெட்னது மறந்து போச்சா?"

"மறக்கலைங்க. சுண்ணாம்பு போட்டது நான்தான. போனுக்குக் காலு இருக்குதா, கையி இருக்குதா? அத நான் மருந்து தொடச்சுத்தான் கொண்டாந்தேன். கால நனைக்காம நீங்க உள்ள வராதீங்க. கல்லறையில இருந்து நேரா வர்றீங்க."

சவரி ஒரு அடி பின்னால் போனார். தன் கொட்டகைக்குள் தான் போக முடியாமல் வெளியில் நின்று சண்டை போட வேண்டியிருப்பது அவருக்கே ஒருமாதிரி இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா உடுவீங்களா?"

"உடமாட்டேன்."

"அதுக்குத்தான் சொல்லல. ரெண்டு மாசமா அந்தப் புள்ள தழக்கட்ட வாசல்ல எறக்கிட்டுப் போவுது, கூலிக்கு வந்தவ மாதிரி. அந்தக் கஷ்டத்த என்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. மூணு பேரும் என்னமோ செஞ்சு சரிக்கட்டப் பாக்குதுங்க. நீங்க உள்ள உட வேணாம். எடுக்கறத எடுக்க உடுங்க."

சவரி வலை வழியாக அடுக்குகளைப் பார்த்தார். கீழ் அடுக்கில் ஒரு மூலை தழை இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"எத்தன படம் எடுக்கணும்?"

"நானூறு."

"அந்தக் கடசி அடுக்குக்குத் தழயப் போட்டுட்டு எடு. பசிச்ச புழுவப் படம் புடிச்சு என்னாத்துக்கு?" சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

நவம்பர் ஏழில் புழு பழுத்து சந்திரிகையில் ஏறியது. பன்னிரண்டு, பதின்மூன்று தேதிகளில் கூடு எடுத்தார்கள். ஈரக் காலம் என்பதால் அறுபத்திரண்டு கிலோதான். ஆனால் நோய் இல்லை. நவம்பர் பதினாறு, சனிக்கிழமை, சுசித்ரா கல்லூரிக் கண்ணாடியைத் துப்பட்டாவில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஆசிரியை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பியிருந்தார்.

முதலில் லூர்துமேரிக்கு மாட்டினார்கள். அவள் வாசல் நடுவில் நின்று மெல்லத் திரும்பினாள். அவள் கையால் எடுத்த நானூற்றுப் பதின்மூன்று படமும் சேர்ந்து, தாங்கிக் கம்பு, கட்டுக் கயிறு, மேலே தொங்கும் கோணிப்பை, கீழே விழுந்த சருகு வரை அப்படியே நின்றன. சுசித்ராவின் புழுக்கள் இலை ஓரமாக மேலிருந்து கீழே தின்றுவந்தன. அந்தச் சத்தம் கேட்டது. ஆகஸ்டில் செத்த புழுக்களின் சத்தம் அது. ரீலை அழித்தவள் ஒலியை மட்டும் வைத்திருந்திருக்கிறாள். லூர்துமேரி கையை நீட்டி, இல்லாத தழையை விலக்கினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புழுக்கமா இருக்குதுடி இதுக்குள்ள" என்றாள்.

"அங்கிள், நீங்க?" என்றாள் சுசித்ரா.

"எனக்கெதுக்கும்மா. நான் தெனம் பாக்கறதுதான."

"அப்ப எங்க தப்பு இருக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். வாங்க."

சவரி வந்தார். சுசித்ரா பட்டையை இறுக்கினாள். "இப்ப கொட்டாய் வாசல்ல நிக்கறீங்க. அப்படியே ரெண்டு எட்டு நடந்தா உள்ள போயிரலாம்."

சவரி நடக்கவில்லை. குனிந்து காலடியில் பார்த்தார். வலது பாதத்தைத் தூக்கினார். வைக்க இடமில்லாதவர் போல அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மறுபடி பின்னால் வைத்தார்.

"தட்டு எங்க?"

"எந்தத் தட்டுங்க அங்கிள்?"

"சுண்ணாம்புத் தட்டும்மா. வாசல்ல தட்டக் காணோம்."

"அது நிஜக் கொட்டாய் இல்லைங்க அங்கிள். சும்மா நடங்க. ஒண்ணும் ஆவாது."

"நிஜம் இல்லைன்னா என்னாத்துக்கு இத்தன நாளு ஒழைச்சீங்க?" அவர் குரல் உயரவில்லை. கண்ணாடியோடு முகத்தை மகள் இருக்கும் பக்கம் திருப்பினார். அவருக்கு அவள் தெரிந்திருக்க முடியாது. "நூறு பேரு வந்து பாப்பாங்க. நூறு பேரும் தட்டு இல்லாம உள்ள போனா, இதான் புழு வளக்கற மொறைன்னு நெனச்சுக்குவாங்க. ரெண்டாவது வாட்டியும் தட்ட மறந்துட்டயேம்மா."

லூர்துமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டு கொட்டகைக்கு வெளியில் இருப்பது. உள்ளேயிருந்து எடுத்த நானூற்றுப் பதின்மூன்றில் ஒன்றில்கூட அது இல்லை. தானே ஒவ்வொரு தடவையும் அதில் கால் நனைத்துத்தான் போனாள், எடுக்கத் தோன்றவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஜெனிஷா முந்திக்கொண்டாள்.

"ஆமாப்பா. மறந்துட்டேன்." அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். "தட்டு எத்தன அடி இருக்கும்? சாக்கு ஒரு மடிப்பா, ரெண்டு மடிப்பா?"

சவரி கண்ணாடியைக் கழற்றினார். நோட்டைப் பார்த்தார். "ரெண்டு அடிக்கு ஒண்ணரை. ரெண்டு மடிப்பு."

"கால நனைக்காம ஒருத்தரு உள்ள போனா, எத்தனாவது நாளு தெரியும்?"

"அஞ்சு, ஆறு நாளு ஆவும். மொதல்ல தழய உட்டுட்டு ஓரத்துக்கு ஏறும். நிக்காம அலைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறந்தான் ஊதும்." அவளைப் பார்த்தார். "நீ பாத்ததுதான."

"பாத்ததுதாம்ப்பா." எழுதினாள்.

பன்னிரண்டு நாள் இருந்தது. சுசித்ரா மூன்று நாள் வீட்டுக்கே போகவில்லை. அவள் அம்மா போனில் கன்னடத்தில் கத்தினது அடுப்படி வரை கேட்டது. லூர்துமேரி போனை வாங்கி, "எங்க வூட்டுலதான் இருக்கறா, பயப்படாதீங்க. தின்னுட்டுத்தான் வேலை செய்யறா" என்றாள். அவரைக்காய்க் குழம்பு, முட்டை, மத்தியானம் மோர் என்று அவளால் முடிந்தது அதுதான். ஸ்டெஃபி தட்டைப் படமெடுத்தாள். தண்ணீர் மேல் வெயில் பட்டால் படம் கெட்டுப்போகும் என்று நிழலுக்காகக் காத்திருந்து எடுத்தாள். கால் நனைத்தவரையும் நனைக்காதவரையும் கதவு எப்படிப் பிரித்தறியும் என்பதில் சிக்கிக்கொண்டு, அந்த வேகப் பேச்சுக்காரனின் வீடியோவுக்குக் கீழே ஜெனிஷா சந்தேகம் கேட்டு எழுதினாள். போலந்து நாட்டிலிருந்து யாரோ ஒரு மாணவன் பதில் போட்டான். எதற்கு இந்தக் கதவு என்று அவனும் கேட்டான். இவர்கள் மூவரும் தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவனுக்குப் பால் நோயை விளக்கினார்கள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு ஜெனிஷா பூவரசனுக்குப் போன் செய்தாள். அவன் புழுவும் ஆகஸ்டிலேயே செத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவை மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டான், சவரி எடுக்கவில்லை.

"அண்ணா, நீங்க வரணும். உங்கள வெச்சுத்தான் ஒண்ணு சரிபாக்கணும்."

நவம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. கல்லூரியில் நிலாவுக்கும் பாரீஸுக்கும் கூட்டம் இருந்தது. புழுக் கொட்டகைக்கு இருந்த கூட்டம் வேறு மாதிரி. உள்ளே போனவர்கள் உடனே வெளியே வந்து மறுபடி வாசலில் நின்றார்கள். நிஜத் தரையில் ஸ்டெஃபி சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டிருந்தாள். கண்ணாடியில் அந்த இடத்தில்தான் தட்டு. அதில் இரண்டு காலையும் வைத்து எடுக்காமல் நடந்தால் கதவு திறக்கும். ஆனால் திரும்பிப் பார்ப்பதற்குள் ஐந்து நாள் ஓடி, புழுக்கள் ஓரத்துக்கு ஏறி அலைந்து, ஊதி, வெளுத்துக் கீழே விழும். மழைச் சத்தம் நின்றுபோகும். கொட்டகை முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் வெளியே போய் முதலிலிருந்து வர வேண்டும்.

கல்லூரி முதல்வர் நேராக உள்ளே போனார். ஒரு நிமிஷம் கழித்து, "ஐயையோ, என்னம்மா எல்லாம் செத்துப் போச்சு?" என்றார்.

"மேடம், கால் நனைக்கலைங்க. வெளிய போய்ட்டு வாங்க" என்றாள் சுசித்ரா.

"என்னையே வெளிய போகச் சொல்றியா?"

"எங்க அங்கிளையே உள்ள உடலைங்க மேடம்."

கூட்டம் சிரித்தது. முதல்வரும் சிரித்து, வெளியே போய், சாக்பீஸ் சதுரத்தில் இரண்டு காலையும் வைத்து எடுத்து மறுபடி வந்தார். பட்டு வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மூன்று தடவை போய்விட்டு, புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட இதைத் தர முடியுமா என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்.

பூவரசன் மத்தியானத்துக்கு மேல் வந்தான். சவரியைப் பார்த்ததும் தயங்கினான். "அண்ணா..." என்றான்.

"போ, போய்ப் பாரு" என்றார் சவரி.

பூவரசன் கண்ணாடி மாட்டினான். தட்டில் கால் நனைத்தான், கை கழுவினான், கதவுக்கு முன் போய் நின்றான். கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குள் அவன் கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது, அவனுக்கென்றே ஜெனிஷா வைத்தது. வாசலுக்கு வெளியே ஒரு மேசை, அதன் மேல் ஒரு பலகை: "கொண்டுவந்த புழுவை இங்கே வைக்கவும். நாங்கள் வெளியே வந்து பார்க்கிறோம்." பூவரசன் வெகுநேரம் அந்த மேசை முன்னால் நின்றான். பிறகு கையை விரித்து, இல்லாத தீப்பெட்டியை மேசையில் வைத்தான். கதவு திறந்தது.

வெளியே வந்தபோது லூர்துமேரியிடம்தான் வந்தான். "அண்ணி, அன்னிக்கு இந்த மேச மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"டீ குடிச்சிட்டுப் போப்பா" என்றாள் அவள்.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் சவரி சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பஸ் காரிமங்கலத்தைத் தாண்டியது. பிறகு, "எத்தன பேரு வந்தாங்க?" என்று கேட்டார்.

"இருநூத்திப் பதினொண்ணுப்பா" என்றாள் பின்சீட்டிலிருந்து ஜெனிஷா. "கண்ணாடி கணக்கு வெச்சிருக்குது."

"எத்தன பேரு மொத வாட்டியே கால நனைச்சாங்க?"

"பத்தொம்பது."

சவரி தலையை ஆட்டிக்கொண்டார். லூர்துமேரி மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

டிசம்பர் ஒன்பது, திங்கட்கிழமை காலை, அடுத்த இளம்புழு ஆட்டோவில் வந்து இறங்கியது. சவரியும் லூர்துமேரியும் புழுத் தட்டுகளை உள்ளே எடுத்துப் போனார்கள். ஜெனிஷா தோட்டத்திலிருந்து தழைக்கட்டைக் கொண்டுவந்து, வாசலுக்கு மூன்றடி முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"அத அங்க எதுக்கு வெச்ச?" என்றார் சவரி உள்ளேயிருந்து. "கால நனைச்சுக்கிட்டு உள்ள கொண்டா."

ஜெனிஷா சுண்ணாம்புத் தட்டில் இரண்டு காலையும் வைத்து எடுத்தாள். கை கழுவினாள். தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். டிசம்பர் 31 அன்று அந்தக் கொட்டகையில் எழுபத்தாறு கிலோ கூடு எடுத்தார்கள்.